ஒண்ணும் பண்ணாதுங்க

உக்காருங்க தம்பி, பையை நான் மடியில வெச்சுக்கறேன். எடம் தாராளமா இருக்குது.

இதுங்களா? கையில கட்டு? தெருநாய் கடிச்சிருச்சுங்க. போன வாரம் திங்கக்கிழமை. இல்லீங்க, இப்ப வலி அவ்வளவா இல்லை. தையல் போட மாட்டாங்களாமா நாய்க்கடிக்கு, அப்படியே மருந்து வெச்சுக் கட்டி விட்டிருக்காங்க. ஆமாங்க, நீங்க சொல்றது வாஸ்தவம், ஊரெல்லாம் தெருநாய்த் தொல்லைதான்.

இல்லீங்க தம்பி. பொய் சொல்லிட்டேன். இருங்க, அப்படிப் பாக்காதீங்க. ஒம்பது நாளா இதையே சொல்லிச் சொல்லி வாய் பழகிப்போச்சு. யாராச்சும் கையைப் பாத்தா 'தெருநாய்'னு தானா வந்து விழுந்துருது. நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது, நாளைக்கு என்னைப் பாக்கப்போறதும் இல்லை. உங்ககிட்டக்கூட எதுக்குங்க பொய் சொல்லணும்?

என்ற நாய்தாங்க கடிச்சுது. நான் பேரு வெச்சு, நான் சோறு போட்டு, நான் பழக்குன நாய். பழக்குனேன்னு சொல்றப்ப எனக்கே சிரிப்பு வருது.

நான் பி.டி. மாஸ்டருங்க. நாச்சிமுத்து மாஸ்டர்னா எங்க பக்கம் எல்லாருக்கும் தெரியும். முப்பத்தோரு வருஷ சர்வீஸ், ரிட்டையராகி நாலு வருஷம் ஆச்சு. பிரேயர்ல ஆயிரத்தி இருநூறு பசங்க சளசளன்னு பேசிட்டிருப்பானுங்க, நான் ஒரே ஒரு விசில் ஊதுவேன், நீளமா. அவ்வளவுதான். ஈ பறந்தாக் கேக்கும். ஹெட்மாஸ்டரே சொல்லுவாரு, "மாஸ்டர், உங்க விசில்தான் இந்த ஸ்கூலை நடத்துது"ன்னு. பெருமைக்குச் சொல்லலீங்க. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன். அது தெரிஞ்சாத்தான் மீதி உங்களுக்குப் புரியும்.

நாயை வாங்கிக் குடுத்தது என்ற மக. பெங்களூர்ல இருக்கறா. ஒரு நாள் அட்டைப்பெட்டியில வெச்சுக் கொண்டாந்தா, லேப்ரடார் குட்டி. "அப்பா, ரிட்டையர் ஆனதுல இருந்து வீட்டுல அம்மாவை அதட்டிட்டே இருக்கீங்களாமா, இனிமே இதை அதட்டுங்க"ன்னா. வெளையாட்டுக்குச் சொன்னா. நான் எங்கீங்க அவங்கம்மாவை அதட்டறேன்? காப்பி ஆறிப்போனா ஆறிப்போச்சுன்னு சொல்லுவேன், அவ்வளவுதான்.

கேப்டன்னு பேரு வெச்சேன். குட்டியில என்ன அழகுங்கறீங்க! கையில துண்டைச் சுத்திக்கிட்டு நீட்டுவேன், பாஞ்சு கவ்வும். கையைத் தூக்குவேன், தொங்கும். ஆட்டுவேன், உறுமும். நான் சிரிக்கறதைப் பாத்து என்ற வீட்டுக்காரி கமலவேணி அடுப்படியில இருந்து எட்டிப்பாப்பா. "இந்தப் பழக்கம் வேண்டாங்க, நாளைக்கு அது பெரிசாகும்"பா. உனக்கு என்ன தெரியும், இது அதுக்கு எக்சர்சைஸுன்னேன்.

பெரிசாச்சு. முப்பது கிலோ. துண்டு இருந்தாத்தான் கவ்வணும், துண்டு இல்லாட்டிக் கவ்வக்கூடாதுன்னு அதுக்கு யாருங்க சொன்னாங்க?

விடியால ஆறு மணிக்கு ஒருக்கா, சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒருக்கா வாக்கிங். மொதல் பத்து நிமிஷம் தங்கம் மாதிரி வரும். எங்க நகர்ல மூணாவது வீதி முக்குல ஒரு டிரான்ஸ்பார்மர், அதுக்கு எதிர்ல ஒரு காலி மைதானம், சீமைக்கருவேலம் மண்டிக் கெடக்கும். அங்க வந்ததும் அதுக்கு என்னமோ ஆயிரும் தம்பி. திரும்பும். என் மூஞ்சியைப் பாக்கும். கண்ணு ஒரு மாதிரி ஆகும். அப்புறம் ஒரே பாய்ச்சல். மொதல்ல சங்கிலியைக் கடிக்கும், அப்புறம் சட்டைக்கையை, அப்புறம் கையையே. கோபத்துல இல்லீங்க. சந்தோசத்துல. வாலு பாட்டுக்கு ஆடிட்டிருக்கும், பல்லு பாட்டுக்கு எறங்கும்.

நான் சும்மா இருப்பனா? "நோ! கேப்டன், டவுன்! டவுன்!"னு கத்துவேன். இன்னும் குஷியாயிரும். கையை மேல தூக்குவேன், எகிறும். ஒரு சுத்து சுத்துவேன், அதுவும் சுத்தும். நடுரோட்டுல நானும் அதுவும் ஆடற ஆட்டத்தை மாடியில இருந்து காப்பி குடிச்சிட்டே பாப்பாங்க. ஆளாளுக்கு யோசனை. ஒருத்தர் முழங்காலைத் தூக்கி நெஞ்சுல முட்டுங்கன்னாரு. முட்டுனேன், முழங்காலையும் சேத்துக் கடிச்சுது. ஒருத்தர் பேப்பரைச் சுருட்டி மூக்குல ஒண்ணு போடுங்கன்னாரு. பேப்பரைப் புடுங்கிட்டு ஓடி, அதுக்கு ஒரு புது வெளையாட்டாச்சு.

யாராச்சும் எதுக்க வந்தா அவங்க மேலயும் தாவும். அப்ப நான் என்ன சொல்லுவேன்? நாய் வளக்கறவன் எல்லாரும் சொல்றதைத்தான். "ஒண்ணும் பண்ணாதுங்க, பயப்படாதீங்க, வெளையாடுது." டியூசன் போற புள்ளை அழுதுட்டே நின்னாலும் அதைத்தான் சொன்னேன். காய்கறிக்காரம்மா கூடை சாஞ்சு தக்காளி உருண்டப்பவும் அதையேதான் சொன்னேன். பயப்படறவங்க மேலதான் எனக்கு எரிச்சல் வரும். நின்னா அது போயிரும், இவங்க எதுக்கு ஓடறாங்கன்னு.

அப்புறம் சம்பந்தம். எங்க நகர் சங்கத்துச் செயலாளர், பேங்குல மேனேஜரா இருந்தவரு. வெள்ளிக்கிழமை, புது வேட்டி, கையில அர்ச்சனைத்தட்டு. கேப்டன் போயி அந்த வேட்டியை ஒரே இழுப்பா இழுத்திருச்சு. நான் வாயைத் திறக்கறதுக்கு முந்தியே அவரு, "ஒண்ணும் பண்ணாது, தெரியும் மாஸ்டர்"ன்னாரு. வேட்டியை ஒரு கையில புடிச்சிட்டு!

அடுத்த ஞாயித்துக்கிழமை மீட்டிங். என் நாயைப் பத்தி மட்டும் அரை மணி நேரம். எனக்கு ரோசம் வந்திருச்சுங்க. எந்திரிச்சு நின்னு, "முப்பத்தோரு வருஷம் ஆயிரம் பேரைக் கட்டுப்படுத்துனவன் நான். இன்னொருக்கா என் நாய் யார் மேலயாவது பல்லு வெச்சுதுன்னா, அன்னிக்கே அதை எங்கயாவது கொண்டுபோய் விட்டுடறேன். எழுதி வெச்சுக்கங்க"ன்னேன். நெசமாலுமே எழுதி வெச்சுக்கிட்டாங்க. வீட்டுக்கு வந்தா கமலவேணி கேக்கறா, "எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க, அதை விட்டுட்டு இருந்துருவீங்களா?" இருக்க முடியாதுங்க தம்பி. காலையில நான் கண்ணு முழிச்சா, இவன் முழிச்சுட்டான்னு சந்தோசப்படறதுக்கு அந்த வீட்டுல அது ஒண்ணுதான் இருக்குது.

அன்னிக்கு ராத்திரியே பீரோவுல இருந்து பழைய விசிலை எடுத்தேன். ஒரு நீள விசில் ஊதுனா உக்காரணும். உக்காந்தா பிஸ்கட்டு. எத்தனை பசங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன், ஒரு நாய்க்குச் சொல்லிக் குடுக்க முடியாதா?

மூணு மாசம் தம்பி. தினம் ரெண்டு வேளை, அந்த டிரான்ஸ்பார்மர்கிட்ட நின்னு ஊதுவேன். கேப்டன் உக்காராது. பிஸ்கட்டு இருக்கற கை மேல பாயும், பிஸ்கட்டு கீழ விழுந்து நொறுங்கும், பாதியைத் தின்னுட்டுச் சட்டைக்கையைக் கவ்வும்.

எதுத்த பக்கம், ரோட்டுக்கு அந்தாண்டை, ஒரு வெள்ளை நாய். தெருநாய்தான். முதுகுல பழுப்பா ஒரு பொட்டு, ஒரு காது மடங்கி இருக்கும். நாங்க போனதுக்கப்புறம் அந்த பிஸ்கட்டுத் தூளை வந்து பொறுக்கித் தின்னும். கொஞ்ச நாள் கழிச்சுப் பாக்கறேன், நான் இங்க விசிலை ஊதறேன், அது அங்க உக்காருது. நேரா, முதுகை நிமித்தி, அட்டென்ஷன்ல நிக்கற பையனாட்ட. ஊதற வரைக்கும் நிக்கும், ஊதுனா உக்காரும். ஒரு நாள் தப்பலை.

எனக்கு அதைப் பாத்தா சந்தோசம் வந்திருக்கணுமா இல்லையா? கோவம் வந்துச்சுங்க. "உன்னை யாருடா கூப்பிட்டாங்க?"ன்னு ஒரு கல்லை எடுத்தேன். ரெண்டு எட்டு தள்ளிப்போயி மறுபடி உக்காந்துச்சு.

எங்க வீதி கூட்டற மயிலாத்தாதான் அதுக்குச் சோறு போடறவ. கார்ப்பரேஷன்ல வேலை. டீ குடிக்கறப்ப பன்னுல பாதி அவளுக்கு, பாதி அதுக்கு. தொரைன்னு பேரு வெச்சிருந்தா. தொரைமாரு மாதிரி நிமிந்து உக்காருதாமா, அதனால. அவ ஒரு நாள் விளக்குமாத்தை ஊனிட்டு நின்னு எங்க ஆட்டத்தைப் பாத்தா. பாத்துட்டு, "சார், தப்பா நெனைக்காதீங்க. நீங்க ஆடறீங்க, அதான் அதுவும் ஆடுது. கையைக் கட்டிட்டு, வாயைத் தொறக்காம, அதைப் பாக்காம மரமாட்ட நில்லுங்க. சித்தெ நேரத்துல அதுக்கே சலிச்சுப்போயிரும்"னா.

எனக்குச் சுருக்குன்னுச்சு. "மயிலாத்தா, உன் சோலியைப் பாரு. பழக்கறது எப்படின்னு நீ எனக்குச் சொல்லித்தர வேண்டாம்"னேன். அவ குனிஞ்சு கூட்ட ஆரம்பிச்சுட்டா. நான் யார்கிட்டயும் மரியாதை இல்லாம பேசறவன் இல்லீங்க. ஆனா ஒரு மாஸ்டர்கிட்ட போயி அவ சொல்லலாமா? அப்படித்தான் அன்னிக்கு நெனைச்சேன்.

போன வாரம் திங்கக்கிழமை விடியால பனி. வீதியில ஒரு சுடுகுஞ்சு இல்லை. கேப்டன் பாஞ்சுது, நான் கையைத் தூக்குனேன், எகிறி முழங்கைக்குக் கீழ புடிச்சுது, நான் பயத்துல வெடுக்குன்னு இழுத்தேன். இழுத்ததுலதான் கிழிஞ்சுது. ரத்தத்தைப் பாத்ததும் அது வாலை ஒடுக்கிட்டு என் செருப்பை நக்குச்சு. சுத்திப் பாத்தேன். யாரும் இல்லை. எதுத்தாப்புல அந்த வெள்ளை மட்டும் உக்காந்துட்டு இருந்துச்சு.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்க ஊசி போடற எடத்துல பூபதி! என்ற ஸ்டூடண்டுங்க, தொண்ணூத்தி நாலு பேட்ச். "மாஸ்டர்!"னு ஓடியாந்து காலைத் தொட்டான். சுத்தி நிக்கறவங்ககிட்ட, "எங்க மாஸ்டர்னா சிங்கம். ஒருக்கா ஜன்னல் கண்ணாடியை ஒடைச்சது நான் இல்லை, ஆனா மாஸ்டர் என்னைத்தான் மத்தியானம் முழுக்க வெயில்ல நிறுத்துனாரு, ஒரு வார்த்தை எதுத்துப் பேசுவமா?"ன்னான். முப்பது வருஷம் கழிச்சும் என்ன மரியாதை பாருங்க.

டாக்டர் கேட்டாரு, "வளப்பு நாயா, தெருநாயா?"

பூபதி என் மூஞ்சியையே பாத்துட்டு நிக்கறான் தம்பி. சிங்கம்னு சொன்ன வாய் இன்னும் மூடலை. என் நாயே என்னைக் கடிச்சிருச்சுன்னு எப்படிங்க சொல்லுவேன்? மீட்டிங்குல சொன்ன வார்த்தை வேற மண்டைக்குள்ள ஓடுது. 'தெருநாய்'னேன். அதனால புண்ணைச் சுத்திச் சுத்தி ஊசி போட்டாங்க. கேப்டனுக்கு எல்லா ஊசியும் போட்டிருக்குது, அவ்வளவு ஊசி தேவையே இல்லை. பல்லைக் கடிச்சிட்டு வாங்கிட்டேன்.

அதோட முடிஞ்சிருக்கும். பூபதிக்கு எம்மேல பாசம். எங்க சங்கத்துல அவனுக்குத் தெரிஞ்ச ஆளு இருக்குது. நான் வீடு வந்து சேர்றதுக்குள்ள வாட்ஸப் குரூப்புல வந்திருச்சு, 'நமது மாஸ்டரைத் தெருநாய் கடித்துவிட்டது'ன்னு. சாயங்காலம் ஆளு மேல ஆளு. சாத்துக்குடி, ஹார்லிக்ஸ், ரொட்டி. எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசாதவங்கெல்லாம் வந்து உக்காந்து, வலிக்குதுங்களான்னு கேட்டாங்க. சம்பந்தம் வந்து என்ற தோள்ல கையைப் போட்டாரு. உங்ககிட்ட மறைக்க என்ன இருக்குது, எனக்கு அது நல்லா இருந்துச்சுங்க. ரிட்டையர்மெண்ட் அன்னிக்கு மாலை போட்டாங்க பாருங்க, அதுக்கப்புறம் அன்னிக்குத்தான் வீடு நெறைய ஆளு. கேப்டனைப் பின்னால ரூமுல போட்டு அடைச்சிருந்தேன், அது கதவைப் பொறாண்டிட்டே இருந்துச்சு.

சம்பந்தம் கேட்டாரு, "எந்த நாய் மாஸ்டர்? டிரான்ஸ்பார்மர்கிட்ட ஒரு வெள்ளை திரியுமே, காது மடங்குனது, அதா?"

எல்லாரும் என்னைப் பாக்கறாங்க. கமலவேணி காப்பித் தட்டோட நிக்கறா.

"ம்"னேன்.

அவ்வளவுதாங்க நான் சொன்னது. ஒரு 'ம்'. அது வார்த்தைகூட இல்லை.

எல்லாரும் போனதும் கமலவேணி சாத்துக்குடியை எல்லாம் ஒரு பையில அள்ளிக் கட்டிப் பரண் மேல வெச்சுட்டா. என்னன்னு கேட்டேன். "எனக்கு எறங்காது"ன்னா. அவ பாத்திருக்கறா, கிழிஞ்ச சட்டையில கேப்டன் முடி ஒட்டியிருந்ததை. துவைச்சுக் காயப்போட்டவ அவதானே.

புதன்கிழமை மயிலாத்தா எங்க காம்பவுண்டு கேட்டுக்கிட்ட வந்து நின்னா. "சார், தொரையைப் புடிக்க வண்டி சொல்லியிருக்காங்களாமா. அது கடிக்காதுங்க சார். நான் அஞ்சு வருஷமாப் பாக்கறேன். குப்பை வண்டி அதோட காலு மேல ஏறுனப்பக்கூட அது திரும்பிக் கடிக்கலை. நீங்க நல்லாப் பாத்தீங்களா? இருட்டா இருந்துச்சா?"

வழி விட்டா தம்பி அவ. இருட்டா இருந்துச்சான்னு கேட்டு எனக்கு ஒரு வழி விட்டா. ஆமா மயிலாத்தா, சரியாத் தெரியலைன்னு சொன்னா முடிஞ்சுது. நான் என்ன பண்ணுனேன்? "அப்ப நான் பொய் சொல்றேனா? மாஸ்டர் பொய் சொல்றேனா?"ன்னு வீதிக்கே கேக்கற மாதிரிக் கத்துனேன். அவ ரெண்டு எட்டு பின்னால போனா. கல்லை எடுத்தப்ப அந்த நாய் போச்சு பாருங்க, அதே மாதிரி.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு வண்டி வந்துச்சு. ரெண்டு பேரு, கையில வலை. அவங்க வேலையை அவங்க செய்யறாங்க, அவங்களைச் சொல்லிக் குத்தமில்லை. வெள்ளை மொதல்ல ஒரு காருக்கடியில பூந்துச்சு, அங்கிருந்து மைதானத்துக்குள்ள ஓடிப்போயி கருவேல முள்ளுக்குள்ள போயிருச்சு. அரை மணி நேரம் சுத்துனாங்க. முள்ளுக்குள்ள எங்களால போக முடியாதுங்க, இன்னொரு நாளைக்கு வர்றோம்னுட்டு வலையைச் சுருட்டிட்டாங்க. எனக்கு ஒரு பெருமூச்சு வந்துச்சு, அது சத்தியம்.

அப்ப சம்பந்தம் சொன்னாரு, "மாஸ்டர், உங்க கழுத்துலதான் விசில் இருக்குதே. நீங்க ஊதுனா அந்த நாய் உக்காரும்னு எங்க வீட்டுல அடிக்கடி சொல்லுவாங்க. ஊதிப் பாருங்களேன்."

மாடியெல்லாம் ஆளுங்க. ரோட்டுல இருபது பேரு. மூணு மாசமா என் நாய் என்னைப் பாடாப் படுத்துனதை வேடிக்கை பாத்தவங்க எல்லாரும் அங்க இருக்கறாங்க. என் விசிலுக்கும் ஒரு ஜீவன் வரும்னு இவங்களுக்குக் காட்டணும்னு ஒரு நிமிஷம் தோணுச்சுங்க. ஒரே நிமிஷம். வண்டி எதுக்கு வந்து நிக்குதுங்கறதே அந்த நிமிஷம் மறந்துபோச்சு. நம்புவீங்களா? நீங்க நம்ப வேண்டாம், நானே நம்பறதில்லை.

நீளமா ஒரு விசில் ஊதுனேன்.

முள்ளு அசைஞ்சுது. வெளிய வந்துச்சு. ரோட்டைத் தாண்டி, இத்தனை ஆளுங்களைத் தாண்டி, நேரா எங்கிட்ட வந்து உக்காந்துச்சு. முதுகை நிமித்தி. என்ற கையைப் பாத்துச்சு. பிஸ்கட்டு இருக்குமான்னு பாத்துச்சு தம்பி. கட்டுப்போட்ட கையில என்ன இருக்கும்? பின்னால வலை விழுந்துச்சு.

யாரோ கை தட்டுனாங்க. "மாஸ்டர்னா மாஸ்டர்தான்"னாங்க. மயிலாத்தா விளக்குமாத்தைப் புடிச்சிட்டு நின்னா, பாத்தா, போயிட்டா. அதுக்கப்புறமும் எங்க வாசலைக் கூட்டத்தான் கூட்டறா, ஒரு தூசி தும்பு விடறதில்லை. சார்னு மட்டும் கூப்பிடறதில்லை.

எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கலைங்க. வெக்கம்னா அப்படி ஒரு வெக்கம். கண்ணாடியில சவரம் பண்ண முடியலை. சனிக்கிழமை கேப்டனைக் கூட்டிட்டுப் போனேன். அதே எடம், திரும்புச்சு, பாஞ்சுது. எனக்குக் கத்தத் தெம்பு இல்லை. கையைக் கட்டிட்டுத் தலையைக் குனிஞ்சுட்டு அப்படியே நின்னேன், தண்டனை வாங்குன பையன் மைதானத்துல நிப்பான் பாருங்க, அந்த மாதிரி. அது ஒருக்கா எகிறுச்சு. ரெண்டாவது எகிறுச்சு. சட்டைக்கையை இழுத்துச்சு. நான் அசையலை. மூணாவது தடவை எறங்கி, என்னைச் சுத்தி வந்து, காலடியில உக்காந்திருச்சு. மூணு மாசம் விசில் ஊதி நடக்காதது ரெண்டு நிமிஷத்துல நடந்துச்சு. எதுத்த பக்கம் பாத்தேன். அங்க யாரும் இல்லை.

நேத்து இதே பஸ்சுல போனேன். ஊருக்கு வெளிய நாய்களை வெச்சிருக்கற எடம் இருக்குது பாருங்க, அங்கதான். கம்பி வலைக்கு அந்தாண்டை நாப்பது அம்பது நாய், எல்லாம் ஒரே கத்தல். அங்க இருந்தவரு எந்த நாயின்னு கேட்டாரு. அடையாளம் தெரியலை, எல்லாம் கும்பலா எகிறுதுங்க. பைக்குள்ள விசில் இருந்துச்சு. மெதுவா ஊதுனேன், மூச்சு விடற மாதிரி. அந்தக் கத்தலுக்குள்ள எனக்கே கேக்கலை. பின்னால ஓரத்துல ஒண்ணு உக்காந்துச்சு.

அவரு, "ஐயா, உங்க நாயா?"ன்னாரு. இல்லைன்னேன். உண்மைதானே? "கடிச்ச கேசுங்க, வெறி இருக்குதான்னு பத்து நாள் பாக்கணும். உங்க சங்கத்துல இருந்து திருப்பிக் கொண்டாந்து விடக்கூடாதுன்னு எழுதியிருக்காங்க. கடிபட்டவரு, இந்த நாய் கடிக்கலைன்னு எழுதிக் குடுத்தா பழைய எடத்துலயே விட்டுருவோம்"னாரு. கையில இருந்த கட்டை முழுக்கைச் சட்டைக்குள்ள மறைச்சுட்டு, கடிபட்டவருகிட்டச் சொல்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

ராத்திரி உக்காந்து எழுதுனேன். இந்தாங்க, படிச்சுப் பாருங்க, எழுத்துப்பிழை ஏதாவது இருந்தாச் சொல்லுங்க. நாலே வரிதான், நாலு தாளைக் கிழிச்சு எழுதுனது. 'என்னைக் கடித்தது தங்கள் வசம் உள்ள வெள்ளை நாய் அல்ல என்பதையும், அதே நிறமுடைய வேறொரு தெருநாய் என்பதையும்...'

என்னங்க? ஏன் நிறுத்திட்டீங்க?

வேறொரு தெருநாய்னு... ஆமாங்க. அப்படித்தான் எழுதியிருக்கேன்.

அதைப் புடிக்க மறுபடி வண்டி வருமாங்கறீங்களா?

வரும்ல. வரத்தான் செய்யும். மூணாவது வீதியில இன்னொரு வெள்ளை இருக்குதுங்க, பொட்டை. குட்டி போட்டிருக்கு, அஞ்சு குட்டி. எனக்குத் தோணவே இல்லை பாருங்க. எழுதறப்ப அந்த வரி எவ்வளவு சுலபமா வந்துச்சு தெரியுங்களா? அடிச்சுத் திருத்தாம வந்த ஒரே வரி அதுதான்.

பேனா இருக்குதுங்களா தம்பி? குடுங்க. பஸ் ஆடுது, பரவால்லை. தாளைச் சித்தெ புடிச்சுக்கங்க. இந்த எடத்துல அடிக்கறேன். 'என்னைக் கடித்தது'... 'நான் வளர்க்கும் நாய்.' பேரும் போடறேன். 'கேப்டன்.' கீழ என்ற பேரு, வீட்டு அட்ரஸ். சம்பந்தத்துக்கு ஒரு காப்பி போகும். போகட்டும். ஞாயித்துக்கிழமை மீட்டிங்குல எந்திரிச்சு நிக்கறேன், கையைக் கட்டிட்டு, வாயைத் தொறக்காம. கேப்டனை என்ன பண்ணச் சொல்றாங்களோ தெரியலை. பூபதிக்கும் தெரிஞ்சுரும். மயிலாத்தாகிட்ட நானே சொல்லணும், அதுதாங்க எல்லாத்தையும் விடக் கஷ்டம்.

என்ற ஸ்டாப் வந்திருச்சு. பேனா இந்தாங்க. பையில பிஸ்கட்டு பாக்கெட்டு ரெண்டு இருக்குது, நசுங்கியிருக்காதே? அன்னிக்குக் குடுக்காதது.

விசிலுங்களா? கொண்டாரலீங்க. வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன். ஊதுனா அது மறுபடியும் உக்காரும். இன்னொருக்கா அதைப் பாக்கற தைரியம் எனக்கு இல்லை.

பேரைச் சொல்லித்தான் கூப்பிடணும். தொரைன்னு. இத்தனை நாள்ல நான் ஒருக்காகூட அப்படிக் கூப்பிட்டதில்லை தம்பி. வருமான்னு தெரியலை.